பாகூர் ரோட்டில் ஒரு கண்ணாடி

வெள்ளிக்கிழமை காலை பலராமன் வாசற்படியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகம் வெட்டுறீங்களே..." என்று அடுப்படியிலிருந்து தாமரைச்செல்வி குரல் கொடுத்தாள்.

ஒன்பது விரல் முடிந்திருந்தது. "சரி விடு, பாக்கி ஒண்ண நாளைக்கு வெட்டிக்கிறேன்" என்று நகவெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மில்லுக்குச் சைக்கிளை எடுத்தான்.

அவ்வளவுதான். மத்தியானத்துக்கு முன்பே தறிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள்... 2009, புரட்டாசி மாதம். கூடத்தில் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அவள் மட்டும் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கால் சுண்டுவிரலில் அந்த ஒரு நகம் மட்டும் வெட்டாமல் அப்படியே இருந்தது.

அவனை முதன்முதலில் சந்தித்த அன்றும் வெகுநேரம் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அது எட்டு வருடம் முன்பு, ஒரு தை மாதம். அரியாங்குப்பத்தில் வீடு, பாகூர் தாண்டி ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சர் வேலை. பஸ் இருந்தும் சைக்கிளில்தான் போய்வருவாள். யாரும் எதுவும் கேட்காத அந்த நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது. வீட்டில் வாயைத் திறந்தால் கல்யாணப் பேச்சு. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது மாப்பிள்ளையின் அத்தை பஜ்ஜி தின்றுகொண்டே, "பொண்ணு நல்ல பொண்ணுதான். மூஞ்சிலதான் களை இல்ல" என்று சொன்னது கதவுக்குப் பின்னால் நின்றவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து பொட்டு வைக்கக் கைக்கண்ணாடி மட்டும்தான். நெற்றி தெரிந்தால் போதும்... அதற்குக் கீழே பார்ப்பதில்லை.

அன்று காலை கிருமாம்பாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு மேற்கே திரும்பிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள். சட்டென்று கண்ணில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் அறைந்தது. ஹேண்டில் ஆடியது. அடுத்த நிமிடம் சைக்கிளோடு வாய்க்காலில் கிடந்தாள். தூக்குவாளி தன் பாட்டுக்கு மிதந்து போய்க்கொண்டிருந்தது.

எழுந்து பார்த்தால், ரோட்டில் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கேரியரில் மூன்றடி உயரக் கண்ணாடி ஒன்று, மரச்சட்டம் போட்டது, பின்பக்கம் பார்த்தபடி நிமிர்த்திக் கட்டியிருந்தது. காலை வெயில் முழுவதும் அதில்தான்.

"ஊரையே குருடாக்கிக்கினு எங்க போறீங்க நீங்க?"

"மன்னிச்சிக்கோங்க... கைய விட்டா கண்ணாடி சாஞ்சிடும். வந்து தூக்க முடியல. அடி பட்டுச்சா?" அவன் திரும்பக்கூட இல்லை.

"விழுந்தவங்கள முதுகக் காட்டிக்கினு விசாரிக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

முதுகு குலுங்கியது. சிரிக்கிறான். அவளுக்குக் கோபம் ஏறியது.

முதுகைக் காட்டியபடியே விவரம் சொன்னான். புதுச்சேரியில் உப்பளம் பகுதிக்காரன். பெயர் பலராமன். தங்கை கமலாவுக்குப் பாகூரில் கல்யாணம். சீரில் கண்ணாடியும் ஒன்று. கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். இருட்டோடு கிளம்பி நடக்கிற வேகத்தில் ஓட்டி வருகிறான். சுற்றியிருந்த கோணி வழியிலேயே காற்றில் போய்விட்டது. மேற்கே திரும்பியதிலிருந்து பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் எல்லோரிடமும் திட்டு.

சொல்லி முடிப்பதற்குள் ஒரு பஸ் வந்து, டிரைவர் தலையை வெளியே நீட்டி அவன் தாயையும் தங்கையையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த பிடரியைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"நானும் பாகூர் தாண்டித்தான் போறேன், பால்வாடி டீச்சர். பின்னாலயே ஒட்டி வரேன். என் நிழல் விழுந்தா வெளிச்சம் அடிக்காது. ஓட்டுங்க" என்றாள், புடவையைப் பிழிந்துகொண்டே.

இரண்டு பக்கமும் அறுப்புக்கு நின்ற நெல். ரோட்டோரம் வைக்கோல் வாசனை. அவன் மெதுவாக... மெதுவாக ஓட்டினான். அவள் எதிரே அவளுடைய முகம். எங்கேயும் தப்ப முடியவில்லை. குனிந்தால் குனிந்தது, திரும்பினால் திரும்பியது.

"டீச்சர், கல்யாணப் பொண்ணுக்கு முன்னாடி யாரும் இதுல மூஞ்சி பாக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. நீங்க பாக்குறீங்களா?"

"இல்ல, கண்ண மூடிக்கினுதான் ஓட்டுறேன்."

"அப்ப சரி. வாய்க்கால் வந்தா சொல்றேன்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணாடிக்குள் ஒருத்தி சிரித்தாள். கண்கள் சிறுத்து, கன்னம் மேலேறி, காதோரத்து ஈர முடியெல்லாம் பின்வெயிலில் பொன்னாக... யார் இவள்? தான் சிரிப்பதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. யாருக்குத்தான் அது வாய்க்கிறது? அவன் இன்னொன்று சொன்னான். அவள் மறுபடி சிரித்தாள், மறுபடி பார்த்தாள். இதற்குப் பெயர்தான் களையா...?

பாகூரில் கல்யாண வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து கண்ணாடியை இறக்கிய பிறகுதான் அவன் திரும்பினான். ராத்திரித் தூக்கம் இல்லாமல் சிவந்த கண்கள், ஆனாலும் சிரிக்கிற கண்கள். ஒரு நிமிடம் அவளையே பார்த்தான்.

"குரல வச்சி வேற மாதிரி நெனச்சிருந்தேன்."

"எப்படி?"

"கோவக்காரியா இருப்பீங்கன்னு."

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் ஷிப்டு முடிந்ததும் பலராமனுக்குத் தங்கை வீட்டில் ஏதாவது வேலை வந்துவிடும். பால்வாடி விடுகிற நேரத்துக்குச் சரியாகப் புறப்படுவான். இருவரும் பேசிக்கொண்டே மெதுவாகத் திரும்புவார்கள். பிடித்திருக்கிறது என்பதை மட்டும் இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

யாரோ பார்த்து அண்ணன் அரிகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டார்கள். இரண்டு காணி நிலம் வைத்திருக்கிற கௌரவம் அவனுக்கு. மில்லில் பலராமன் வெறும் பதிலி ஆள். யாராவது லீவு போட்டால்தான் அன்றைக்கு வேலை. அண்ணன் மில் வாசலுக்கே போய், பத்துப் பேர் நடுவில், "பதிலி ஆளுக்கு என் தங்கச்சி கேக்குதா?" என்று கேட்டுவிட்டு வந்தான்.

அடுத்த சனிக்கிழமை பலராமன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வேலை பர்மனென்ட் ஆனதும் தலை நிமிர்ந்து வந்து பெண் கேட்பேன், அதுவரை முகம் காட்ட மாட்டேன் என்று கமலாவிடம் சொல்லி அனுப்பியிருந்தான். பங்குனி முழுக்க அவள் தனியாக ஓட்டினாள்.

சித்திரை பிறந்ததும் நாலாவதாக ஒரு இடம் வந்தது. அவர்களுக்குப் பிடித்துப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. வியாழக்கிழமை அவள் கமலாவிடம் போய், "உங்க அண்ணன வரச் சொல்லுங்க, ஒரே ஒரு தடவ" என்றாள்.

சனிக்கிழமை அவன் வந்தான். இளைத்திருந்தான். மூன்று மணிக்கு மேல் இரண்டு சைக்கிளும் பாகூரிலிருந்து கிளம்பின. கடல் காற்று முகத்தில் மோதியது. அவன் முன்னால், அவள் பின்னால்.

"வர்றவங்க நல்ல எடம்னு கமலா சொல்லிச்சி" என்றான். காற்று அந்தச் சொல்லை நேராக அவளிடம் கொண்டுவந்து போட்டது. "நான் இன்னும் பதிலிதான், டீச்சர்."

அவள் பதில் சொன்னாள்.

"என்ன...? காத்துல ஒண்ணும் விழல."

மறுபடி சொன்னாள். சொன்னதெல்லாம் அவளுக்குப் பின்னால், பாகூர்ப் பக்கம் பறந்து போயிற்று. விட்டால் இப்படியே அரியாங்குப்பம் வந்துவிடும். நாளைக்குப் பூ வைத்துவிடுவார்கள். அவள் எழுந்து நின்று பெடலை மிதித்தாள். மூச்சு வாங்க அவனைத் தாண்டி முன்னால் போனாள். திரும்பவில்லை. திரும்பினால் சொல்ல வராது என்று தெரியும்.

"நீங்க பர்மனென்ட் ஆவுற வரைக்கும் என்ன வச்சிருக்க மாட்டாங்க. பதிலியாவே வாங்க. நாளைக்குக் காலையில... அவங்களுக்கு முன்னாடி. எனக்கு உங்களத்தான் புடிச்சிருக்கு."

பின்னால் செயின் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது.

"டீச்சர்..." என்று அவன் கத்தினான், காற்றுக்கு எதிராக. "வாய்க்கால்ல நின்னு திட்டினீங்களே... எனக்கு அப்பவே."

ஞாயிறு விடிந்ததும் அம்மாவோடு வந்து நின்றான். அண்ணன் கத்தினான். அவள் வாசலுக்கே வந்து, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஒரு வருடம் பேசாமல் இருந்த அந்த அண்ணன்தான் பிறகு பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தான்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவள் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். இன்றைக்கும் போய்வருகிறாள். ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். வாய்க்காலுக்குத் தடுப்புச் சுவர் வந்துவிட்டது. வயல் பாதி மனைகளாகிவிட்டது. மூன்று மணிக்கு மேல் பாகூரிலிருந்து கிளம்பினால், அந்தக் கடல் காற்று மட்டும் இன்னும் எதிரேதான் அடிக்கிறது.