அந்த அறைக்குள் மட்டும் வரமாட்டேன்

“காலையிலேயே வர்றேன்னு சொன்னீங்க. இது உங்க ஊர்ல காலையா, ஸ்ஸேபோ?”

கதவைத் திறந்த வேகத்திலேயே கேட்டுவிட்டாள் ஜோவியா. ‘ஐயா’ என்கிற அந்த ‘ஸ்ஸேபோ’வில் மரியாதையைவிடச் சூடுதான் அதிகம். கேட்ட பிறகுதான் பார்த்தாள்... நெட் சரி பண்ண வந்து வெளியே நின்றவன் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். ஒரு தோளில் ஏணி, இன்னொன்றில் கேபிள் சுருள். கியாலிவஜ்ஜாலா மேட்டிலிருந்து இறங்கிய செம்மண் தண்ணீர் அவன் காலணிகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“மன்னிச்சுக்கோங்க நியாபோ. இந்த மழையில ஏணியோட ஏத்திக்க எந்த போடா பைக்காரனும் சம்மதிக்கல. நடந்தே வந்தேன்.”

‘அம்மணி’ என்கிற பணிவோடு அந்த ‘நியாபோ’வைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தான். இமைகளில் மழைத்துளி... அதற்குப் பின்னால் சிரிக்கிற கண்கள். திட்டுவதற்கென்று ஜோவியா சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டன.

வெளிநாட்டு ஓட்டல் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே அழைப்புகளை எடுக்கும் வேலை அவளுக்கு. சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, இன்னும் நிரந்தரமாகவில்லை. “உங்களுக்கு எத்தனை பேருக்கு அறை வேண்டும், சார்?” என்று கேட்பாள்... பதில் வரும் நேரத்தில் நெட் இணைப்பு போய்விடும். ஒரு கிழவர் அவளை அழைத்து அழைத்து, கடைசியில் வேறு ஓட்டலுக்கே போய்விட்டார். இனி இப்படி நடந்தால் வேலை இல்லை என்று மேலாளர் எழுதிவிட்டார்.

அன்றைக்கு மின்கம்பத்தில் ஏறி ஒரு இணைப்பை வெட்டி ஒட்டினான் அவன். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேகத்தைப் பார்த்தான். ஜோவியா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ரசீதில் எழுதுவதற்குப் பெயர் கேட்டான்.

“ஜோவியா நன்சாம்பா.”

“நன்சாம்பாவா? அப்ப நீங்க மான் குலம்.”

“ஆமா. ஏன், மான் வீட்டுல நெட் ஓடாதா?”

“நல்லாவே ஓடும். நான் வலுசிம்பி. புனுகுப்பூனை குலம்.”

“பூனை முகத்துல என்ன இத்தனை சந்தோஷம்?”

“ஒண்ணுமில்ல... மான் வேற, பூனை வேற. அவ்வளவுதான்.”

அங்கே பெயரைக் கேட்டாலே குலம் தெரிந்துவிடும்; ஒரே குலத்துக்காரர்கள் அண்ணன் தங்கை முறை. இவர்கள் அப்படி இல்லை. அதை அவன் ஏன் அத்தனை சந்தோஷமாகச் சொன்னான் என்று அவள் யோசித்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்துவிட்டது... வெட்டுப்படாமல், தெளிவாக! யாரோ ஒருவர் நான்கு அறைகள் பதிவு செய்தார். ஜோவியா துள்ளிக் குதித்துத் திரும்பியபோது அவன் கதவருகே காலணி மாட்டிக்கொண்டிருந்தான்.

“மறுபடி போச்சுன்னா நேரா எனக்கே போன் பண்ணுங்க, நியாபோ.”

“போகணும்னு வேண்டிக்கிறீங்களா?”

அவன் சிரித்துக்கொண்டே மழையில் இறங்கிவிட்டான்.

இணைப்பு மறுபடியும் போனது.

இரண்டாம் முறை வந்தபோது வெளியில் எல்லாம் சரியாக இருந்தது. “வீட்டுக்குள்ளதான் ஏதோ இருக்கு. நெட் பெட்டி எங்க வெச்சிருக்கீங்க?”

“அம்மா ரூம்ல, அலமாரிக்குள்ள. கூடத்துல வெச்சா திருட்டுப் போயிடும்னு அம்மா விடமாட்டாங்க. வாங்க, காட்டுறேன்.”

ஜோவியா அறைக்குள் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் அவன் இல்லை. நடைபாதையிலேயே நின்றிருந்தான்... அதுவும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

“உள்ள வாங்க.”

“வேணாம் நியாபோ. நீங்களே பார்த்துச் சொல்லுங்க. விளக்கு என்ன நிறம்?”

“பச்சை... இல்ல, சிவப்பு! இப்ப பச்சை!”

“எந்த விளக்கு?”

“எனக்கென்ன தெரியும்? எல்லாம் கண்ணடிக்குது!”

“யாரைப் பார்த்து?”

“உங்களை இல்ல!”

இருவரும் சிரித்தார்கள். அலமாரிக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னான். பெட்டியை அணைத்துப் போடச் சொன்னான். ஒயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னான். எல்லாம் வாசலுக்கு வெளியே நின்றபடிதான். ஜோவியாவின் அம்மா, கையில் வாழைக்காய்க் கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். அவன் சட்டென்று சுவரோடு ஒட்டி வழிவிட்டு, தரையைப் பார்த்தபடியே வணக்கம் சொன்னான். அம்மா ஒரு நொடி நின்றாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் முறையும் அதே கதை. உள்ளே வரவே மாட்டேன் என்றான். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். அம்மாவின் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேபிள் எந்தப் பக்கம் நுழைகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தான். போகும்போது வழியில் வாங்கிய முட்டை ரோலெக்ஸ் பொட்டலத்தை நீட்டினான். “நீங்க மதியம் சாப்பிடலன்னு சொன்னீங்களே...” சூடான சப்பாத்திக்குள் முட்டை மணந்தது. அவள் மனசுக்குள் என்னவோ இளகியது... அதை ஒத்துக்கொள்ளத்தான் வெட்கம்.

அடுத்த வாரம் வேலை போய்விட்டது.

ஒரு குடும்பம் முழுத் திருமணத்துக்கும் அறைகள் கேட்டுக்கொண்டிருந்த நேரம். பாதியில் இணைப்பு அறுந்தது. திரும்பி வந்தபோது திரையில் மேலாளரின் இரண்டு வரிகள் மட்டும் இருந்தன. நன்றி, இனி வர வேண்டாம்.

ஜோவியா அழவில்லை. கோபம் கண்ணை மறைத்தது. அந்தத் தெருவில் அப்போதுதான் ஒரு வீட்டில் திருட்டு நடந்திருந்தது. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் போய் எழுதினாள். ‘நெட் சரி பண்ண வருகிற வலுசிம்பியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பெட்டி இருக்கிற அறைக்குள் வரமாட்டேன் என்கிறான். என் அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்க மாட்டான். ஜன்னல்களை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். யாருக்கு வழி காட்டுகிறானோ?’

அனுப்பிய பிறகு, அழித்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் யாரோ, ‘இவன்தானே?’ என்று தங்கள் வாசல் கேமராவில் பதிந்த அவன் படத்தைப் போட்டார்கள். இன்னொருவர், ‘நானும் கவனித்தேன்’ என்றார். மாலைக்குள் வட்டாரத் தலைவர் அவன் கம்பெனிக்கே போன் செய்துவிட்டார்.

அன்று இரவு அவனிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. ‘நீங்கதான் எழுதினீங்களா, நியாபோ?’

அவள் பதில் போடவில்லை. ஆமாம் என்று எழுத தைரியமில்லை... இல்லை என்று எழுத மனசில்லை.

மழைக்காலம் முடிந்து மறுபடியும் மழைக்காலம் வந்தது. ஜோவியா மருந்துக்கடை ஒன்றில் கணக்கெழுதப் போனாள். வீட்டில் இணைப்பு தன் இஷ்டத்துக்கு வந்தது, போனது. ஒருநாள் அம்மாவே சலித்துக்கொண்டு புதிய ஆளை வரவழைத்தாள். குண்டாக, கலகலவென்று பேசுகிற ஒருவன். நேரே அம்மாவின் அறைக்குள் போனான். கட்டிலைத் தள்ளினான். வாய்விட்டுச் சிரித்தான்.

“கட்டில் காலை கேபிள் மேலேயே வெச்சிருக்கீங்களே! மேல யாராவது படுத்தா அழுந்தும், எழுந்தா விடும். ஆமா, முன்னாடி யார் வந்தது?”

“வலுசிம்பி.”

அவன் சிரிப்பு நின்றது. “எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக்குடுத்ததே அவன்தான். அவன் உள்ள வந்திருந்தா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருப்பான். பாவம்... எவளோ திருடன்னு எழுதிவிட்டாளாம். விசாரணை, அது இதுன்னு அலைய விட்டு, கடைசியில தீவுக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க. கலங்காலாவுல கிடக்கிறான்.”

அவன் போன பிறகு ஜோவியா அம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான்மா எழுதினேன்.”

குழுவும் தெரியாது, வாட்ஸ்அப்பும் தெரியாது அம்மாவுக்கு. ஜோவியா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அட அசட்டுப் பொண்ணே! அவன் ஏன் உள்ள வரலன்னு உனக்கு நிஜமாவே தெரியலையா?”

“ஏன்?”

“நம்ம வழக்கத்துல மாமியார் படுக்கையறைக்குள்ள மாப்பிள்ளை கால் வைப்பானா? மாமியார் முகத்தை நேரா பார்ப்பானா? அதனாலதான் நானும் அவன் எதிர்ல நிக்காம ஓடுனேன்!”

ஜோவியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர் இன்னும்... யாரும் எதுவும் பேசவே இல்லையேம்மா...”

“பேசல. ஆனா பேசணும்னு இருந்திருக்கான். நாளைக்கு முறைப்படி பொண்ணு கேட்டு வரும்போது, ‘இவன் ஏற்கெனவே மாமியார் ரூமுக்குள்ள போனவன்’னு ஆயிடக்கூடாதேன்னு, இப்பவே அந்த மரியாதையைக் காப்பாத்தியிருக்கான். இந்தக் காலத்துல யார்டி அதெல்லாம் பார்க்கிறா?”

“உனக்குத் தெரிஞ்சிருந்தா ஏம்மா எனக்குச் சொல்லல?”

“நான் எப்படிச் சொல்றது? அவன் உங்க அத்தைகிட்ட ஆள் அனுப்பணும், அத்தை உன்கிட்ட கேட்கணும், அதுதானே முறை? காத்துக்கிட்டே இருந்தேன். திடீர்னு வர்றதை நிறுத்திட்டான். நீதான் வேணாம்னு சொல்லிட்டேன்னு நினைச்சேன்.” அம்மா பெருமூச்சு விட்டாள். “எனக்கு அவனைப் பிடிச்சிருந்தது, ஜோவியா.”

எனக்கும்தான் அம்மா... என்று மனசுக்குள் சொல்லியபடியே கட்டிலிலிருந்து எழுந்தாள் ஜோவியா.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் ஜோவியா எழுந்து நின்றாள். குப்பை வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “நான் எழுதினது பொய். அந்த மனுஷன் மேல எந்தத் தப்பும் இல்ல. என் வேலை போன ஆத்திரத்துல எழுதினேன்,” என்றாள். அதே வார்த்தைகளைக் குழுவிலும் எழுதினாள். நாலைந்து பேர் ‘சரி’ என்றார்கள். ஒருவர் குப்பை வண்டியைப் பற்றியே மறுபடி கேட்டார். திருடன் என்று எழுதியபோது வந்த கூட்டத்தில் கால்வாசிகூட இப்போது வரவில்லை.

சனிக்கிழமை மசாகா பேருந்தில் ஏறி, புகாகாட்டாவில் படகைப் பிடித்தாள். ஏரி முழுக்கச் சாம்பல் நிறம். நடுவழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. என்ன பேசுவது என்று எத்தனையோ முறை மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள். கரை தெரிந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

தேடவே வேண்டியிருக்கவில்லை. படகுத்துறையில் மீன் பொரிக்கிற பெண்மணி, “நெட்டுக்காரனா? அதோ!” என்று கரண்டியால் காட்டினாள்.

தகரக் கூரையின் கீழ், ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. ஆனால் கண்கள்... சிரிக்கவில்லை.

“வாங்க நியாபோ. இந்தத் தீவுல உங்களுக்கு வீடு இருக்கா? நெட் வரலையா?”

“என் மேல கோபமா இருக்கீங்க.”

“கோபமா? எனக்கா?” இலையை மடித்தான். “எங்க அண்ணன் கேட்டான், ‘நீ நிஜமாவே எடுத்தியாடா’ன்னு. என் கூடப் பிறந்தவன். எங்க ஆபீஸ்ல என் பையைக் கொட்டிப் பார்த்தாங்க. இப்பவும் புது வீட்டுக்குப் போனா, யாரும் கேட்காமலே நானே கதவை அகலமாத் திறந்து வைக்கச் சொல்றேன்... யாரும் தப்பா நினைக்கக் கூடாதுன்னு. கோபமெல்லாம் சின்ன வார்த்தை, நியாபோ.”

ஜோவியா கண்ணைத் துடைக்கவில்லை. மழைத்துளி என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்றும் விரும்பவில்லை.

“எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், நான் எழுதினது பொய்னு. போதாதுன்னு தெரியும். நீங்க ஏன் உள்ள வரலன்னு அம்மா சொன்னாங்க... போன வாரம்தான் சொன்னாங்க. எனக்குப் புரியல வலுசிம்பி. நிஜமாவே புரியல. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“உங்க அத்தை யாருன்னு விசாரிச்சுக்கிட்டிருந்தேன். அடுத்த வாரம் ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்.” அவன் குரல் தாழ்ந்தது. “நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ‘நீங்கதான் எழுதினீங்களா’ன்னு நான் கேட்டதுக்குக்கூட பதில் வரல.”

 கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. திரும்பிப் போகும் படகு சங்கு ஊதியது.

“போங்க. இதை விட்டா மசாகாவுக்குக் கடைசி பஸ் கிடைக்காது.”

“போறேன். அதுக்கு முன்னாடி சொல்லிடுறேன். ஆள் அனுப்ப எனக்கு முறை கிடையாது, அதனால நானே சொல்றேன். அன்னைக்கு ஏணியோட நனைஞ்சு நின்னீங்களே, அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சவரைத்தான் திருடன்னு எழுதினேன். இதை நீங்க மன்னிக்கணும்னு கேட்கல. தெரிஞ்சுக்கணும்னு மட்டும்தான்...”

மடித்த இலையை அவன் ஓரமாக வைத்தான்.

“எனக்குப் பொய் சொல்ல வராது, ஜோவியா,” என்றான். முதல்முறையாகப் பெயர் சொல்லி. “கோபம் இன்னும் போகல. தினமும் காலையில எழுந்ததும் அதுதான் முதல்ல வருது. ஆனா அது கூடவே நீயும் வர்றே. ஒண்ணை மட்டும் பிரிச்சு விரட்ட எனக்குத் தெரியல. விரட்டிப் பார்த்துட்டேன்... உன் மேல வெச்ச ஆசை போகமாட்டேங்குது.”

ஜோவியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

“அடுத்த சனிக்கிழமையும் வரேன்.”

“எதுக்கு? இன்னும் திட்டத்தான் செய்வேன்.”

“திட்டுங்க. இப்படியே எதிர்ல உக்காந்து கேட்டுக்கிறேன்.”

“ஒரு சனிக்கிழமையில தீராது.”

“தீர வேணாம்,” என்றாள் ஜோவியா.