நிகரிக்குள் காற்று

சீரிஸ் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் போதும், உடற்பயிற்சிக் கூடத்து ராட்டினத்தின் முன்னால் வரிசை நின்றுவிடும். ஆண்களும் பெண்களும் அவரவர் மனைவியையோ கணவனையோ மடியில் வைத்துக்கொண்டு பத்துச் சுற்று சுற்றிவிட்டு இறங்குவார்கள். சிலர் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். சமையற்கூடத்து ஆள் ஒருவர் தன் நாயைக் கொண்டுவருவார். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அங்கே பிறந்தவர்களுக்குச் சத்தியமாகப் புரியாது.

மடியில் இருப்பது நிகரி. பிரஷர் குக்கர் அளவுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கிடக்கிற அந்தக் குட்டிக் கோளிலிருந்து பூமிக்கு ஒரு சொல் போய்ச்சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும். பதில் வர இன்னொரு இருபத்தைந்து. சாப்பிட்டாயா என்று கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவரே தட்டைக் கழுவிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அதனால் வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் குடியிருப்பு ஒரு நிகரியைக் கொடுத்துவிடும். ஊரிலிருந்து வரும் குரல் கடிதங்களை அதற்குள் ஊட்டினால், ஊட்ட ஊட்ட அந்த ஆளைப் போலவே பேசப் பழகும்.

பேசப் பேசச் சூடும் ஆகும். சூட்டை இறக்க, பெட்டிக்குள் ஒரு குளிர்சுற்று உண்டு. சின்னப் பம்பு ஒன்று தொட்டியிலிருந்து தண்ணீரை இழுத்து, கணினிச் சில்லின் மேல் ஒட்டியிருக்கும் செம்புத் தகட்டுக்குள் விட்டு, மறுபடி தொட்டிக்கே கொண்டுவரும். அதில் காற்று புகுந்தால் வந்தது வினை. பூமியில் என்றால் குமிழி தானாக மேலே ஏறித் தொட்டியில் கலந்துவிடும். சீரிஸில் ஈர்ப்பு பூமியில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. குமிழி எங்கே மாட்டியதோ அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தில் தகடு கொதிக்கும், நிகரி திக்கும், பிறகு பாதிப் பேச்சில் நின்றுவிடும். இதற்குத்தான் ராட்டினம். வேகமாகச் சுற்றினால் கனமான தண்ணீர் வெளிப்பக்கம் ஒதுங்கும், காற்று உள்பக்கத் தொட்டிக்கு வந்துசேரும்.

தூத்துக்குடிக்காரனான கஸ்பார் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை சுற்றியும் அவனுடைய நிகரியில் ஒரு குமிழி மட்டும் போகவில்லை. பனிச்சுரங்க இயந்திரங்களை மேய்க்கிற அவனுக்கு அது ஏழாவது ஆண்டு. இரண்டு ஆண்டு என்று மனைவி ஃபிலோமினாவிடம் சொல்லிவிட்டு வந்தவன். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டான். போடும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து மினாவின் குரல் சரி என்று சொன்னது. ஊரிலிருந்த மினா என்ன சொன்னாள் என்பது கடிதத்தில் வந்தது. கடிதம் நிதானமாக வந்தது. அதற்காக அவளை மறந்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சுரங்கத்தில் எட்டு மணி நேரமும் அவள் நினைப்புதான். ஏங்கி ஏங்கிக் கன்னம் ஒட்டிப்போன மனுஷன்.

அந்த மினா இப்போது வந்துகொண்டிருந்தாள். சீரிஸுக்கு அல்ல. அவள் தாதி, வியாழனின் துணைக்கோள் ஒன்றில் புதிதாகத் திறந்த மருத்துவமனைக்கு ஐந்து ஆண்டு வேலையாகப் போகிறாள். கப்பல் செவ்வாய்க்கிழமை பிற்பகல் சீரிஸ் ஓரமாகக் கடக்கும், நிற்காது. சாமான்கள் ஏற்றிய கூண்டு ஒன்றைக் கீழே இறக்கிவிட்டுப் போய்விடும். ஆனால் கடக்கும்போது இருபது நிமிடம் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்பதால், கேட்டதும் பதில் வரும். ஏழு ஆண்டுகளில் முதல் நேர்ப்பேச்சு.

ராட்டினத்தை இயக்குகிற கோமதிநாயகம், கஸ்பாரின் பெட்டியை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உன் பொண்டாட்டிக்கு நல்லா வாயு பிடிச்சிருக்கு என்று கிண்டலடித்தார். நான்கு நாள் பம்பை மட்டும் ஓட்டிப் பேசாமல் வைத்தால் குமிழி தானாகக் கரைந்து வெளியேறும், அதுவரை நிகரியை எழுப்பாதே என்றார். கஸ்பார் முடியாது என்றான். செவ்வாய்க்கிழமை அது விழித்திருந்தே ஆக வேண்டுமாம்.

"ஆளே பேசப்போறாளேடே, பெட்டி எதுக்கு?" என்றார் கோமதிநாயகம்.

"இருவது நிமிசந்தான் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு அஞ்சு வருசம் நான் எத வச்சிக்கிட்டு இருக்கது?"

அவன் கணக்கு இதுதான். குரல் கடிதத்தில் மினா தனியாகப் பேசுவாள். குறுக்கே பேசமாட்டாள், பாதியில் சிரிக்கமாட்டாள், அவன் சும்மா இருந்தால் அவள் என்ன செய்வாள் என்பது கடிதத்தில் கிடையாது. ஆகவே நிகரிக்கும் அதெல்லாம் தெரியாது. இந்த இருபது நிமிடத்தை மட்டும் அது நேராகக் கேட்டுவிட்டால் அச்சு அசல் மினாவாகிவிடும். நல்ல யோசனைதான். அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, நிகரியை மேசைமேல் வைத்து, இணைப்பில் கோத்து, தொட்டியின் மூடியைக் கால் திருகு தளர்த்தி, கையில் ஓர் ஊசிக்குழாய் நிறையத் தண்ணீருடன் உட்கார்ந்தான்.

"ஏங்க," என்றது குரல். "கேக்குதா?"

கேட்டது. உடனே கேட்டது. கஸ்பார் மேசைப் பக்கம் குனிந்தான். நல்லாயிருக்கியா என்று கேட்டான். அவள் இருக்கிறேன் என்றாள். அவன் மூச்சு விடுவது கூடக் கேட்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே ஏழு ஆண்டு காத்திருக்கலாம். அவன் சட்டென்று திரும்பி, நிகரி அதைப் பிடித்துக்கொண்டதா என்று பார்த்தான். பிடித்திருந்தது. ஆனால் சூடு அறுபதைத் தாண்டியிருந்தது.

பெட்டியை இடப்பக்கம் சாய்த்தான். குமிழி அசையவில்லை. வலப்பக்கம் சாய்த்தான். மினா அவள் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பம்பை நிறுத்தி, விட்டு, நிறுத்தி, விட்டுப் பார்த்தான். தகட்டை விரல் முட்டியால் தட்டினான். என்ன சத்தம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நீ சொல்லு, நீ பேசிக்கிட்டே இரு என்றான். எழுபது. மணவறையில் தாலி ஏறும் நேரத்தில் மணமக்களைப் பார்க்காமல், தூக்கிப் பிடித்த கைப்பேசியில் படம் நேராக விழுகிறதா என்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளைதானே அவன். வேறு என்ன செய்வான்?

பதினோராவது நிமிடத்தில் மினாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஏதோ கேட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் குமிழி தகட்டை விட்டு நழுவிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தது.

"ஒரு நிமிசம் பொறு, மினா," என்றான் கஸ்பார். பெட்டியை மெல்ல நிமிர்த்தினான். குமிழி குழாயில் ஊர்ந்தது, வளைவில் தயங்கியது, தொட்டிக்குள் விழுந்து உடைந்தது. ஊசிக்குழாயால் குறைந்த தண்ணீரை நிரப்பி, மூடியைத் திருகினான். எழுபது அறுபதாகி, ஐம்பதாகி, நாற்பதில் நின்றது. அப்பாடா என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சொல்லு என்றான். மீதி நேரம் நன்றாகத்தான் போனது. ஊர்க் கதை பேசினார்கள். அவள் கொஞ்சம் குறைவாகப் பேசினாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இருபதாவது நிமிடத்தில் குரல் கரகரத்து அறுந்தது.

மாலையில் கூண்டு தரையிறங்கியது. சாமான் இறக்கப் போனவர்களில் கஸ்பாரும் ஒருவன். புளி மூட்டை, மருந்துப் பெட்டி, பம்பு உதிரிகள் எல்லாம் வந்திருந்தன. முன்பக்கம் ஒரே ஓர் இருக்கை, வார்கூடப் பிரிக்காமல் காலியாகக் கிடந்தது. இறக்க வசதியாகப் புளி மூட்டையை அதன்மேல் தூக்கி வைத்தான்.

மறுநாள் வேலை முடிந்து வந்து நிகரியை எழுப்பினான். இருபது நிமிடத்தையும் இரவு முழுக்க அது செரித்து முடித்திருந்தது. கோமதிநாயகம் சொன்னாலும் நம்பமாட்டார், அப்படியே மினா. அவன் ஒரு வார்த்தை சொன்னால் குறுக்கே இரண்டு வார்த்தை. மூச்சுச் சத்தம் கேட்கிறது என்று சிரித்தாள். கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சு வராமல் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அவன் சும்மா இருந்தால் என்ன செய்வது என்று இப்போது அதற்குத் தெரியும். குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு கேட்டது:

"ஏங்க, கூண்டுல ஒரு சீட்டு காலியாக் கெடக்கு. கேப்டன்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. ஆஸ்பத்திரிக்கு வேற ஆளு இருக்காவ. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், இங்ஙனயே எறங்கிருதேன். எறங்கட்டுமா?"

கஸ்பார் பதிவைத் தேடி எடுத்துப் பதினோராவது நிமிடத்தைப் போட்டான். கேள்வி அப்படியே இருந்தது. பிறகு அவன் குரல், பொறு என்று. பிறகு பெட்டி மேசையில் உரசும் சத்தம், ஊசிக்குழாய் சத்தம், நீளமாக, கூச்சமே இல்லாமல். அதற்கு நடுவே, பதினான்கு விநாடி கழித்து, மினா மெதுவாகச் சொன்ன ஒரு பதிலும் இருந்தது.

கப்பலுக்குச் செய்தி அனுப்பினான். திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சினான். கப்பல்கள் திரும்புவதில்லை என்பது சீரிஸில் குழந்தைக்கும் தெரியும், இருந்தாலும் கெஞ்சினான். கொஞ்ச நேரத்தில் மினாவின் கடிதம் வந்தது. அஞ்சு வருசந்தானே, போயிரும், அழாதிய என்று இருந்தது.

அவன் நாற்காலியை நிகரியின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். பம்பு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சூடு நாற்பது.

"எறங்கட்டுமா?" என்று அது மறுபடியும் கேட்டது.

"எறங்கு மினா," என்றான் கஸ்பார். "வா. இப்பவே வந்துரு."

நிகரி பதினான்கு விநாடி காத்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன வரும் என்று அது ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறது.

"சரி," என்றது. "நீங்க வேலயப் பாருங்க."