உலைக்குப் போக வேண்டிய டிஸ்க்

கலியன் மகள் கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதுகில் சில்வர் கோட்டு. உலை முன்னால் நிற்பவர்கள் அனலுக்குப் போட்டுக்கொள்வார்களே, தகடு மாதிரி மின்னும் அந்தக் கோட்டு. மோசஸ் டீவியில் படத்தை நிறுத்திவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தான். அந்த வீடியோவை எடுத்தவனே அவன்தான். காமிராவைப் பிடித்துக்கொண்டு இலை இலையாக நடந்தது, சாம்பார் வாளிக்காரன் முட்டியில் இடித்தது, எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. அந்தக் கோட்டு இல்லை. கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு எவனும் வரமாட்டான். ஷிஃப்ட் முடிந்ததும் முதலில் கழற்றி எறிவதே அதைத்தான்.

"ஷைனி, கொஞ்சம் இங்க வா."

"கையெல்லாம் மீனுப்பா. இன்னா?"

"ஒண்ணும் இல்ல, வுடு."

"வேலை செய்ய வுடாம கூப்ட்டுக்கினே இருப்ப. அப்பறம் கொழம்பு லேட்டுனு என்னியே திட்டுவ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆனால் அந்த ஹாலில் எந்நேரமும் பொழுது சாய்ந்த மாதிரிதான் இருக்கும். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் வீடு. ஜன்னலுக்கு அட்டை அடித்து, அதன்மேல் செத்துப்போன மனைவி மெர்சியின் பழைய கம்பளியைத் தொங்கவிட்டிருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் போகும் டிரெய்லர்களின் அதிர்வு தரை வழியாக வந்து டீவி ஸ்டாண்டைத் தொட்டுவிட்டுப் போகும். கதவைச் சாத்தினாலும் கம்பெனிப் புகையின் வாசனை, துருவும் கருகிய ரப்பரும் கலந்த வாசனை, கம்பளியின் நூலுக்குள் தங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இவையெல்லாம் பழகியவை. இன்றைக்குப் புதிதாக டீவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி, மூச்சு விடுவதுபோல ஒரே சீராக ஃபேன் ஓட, உட்கார்ந்திருந்தது.

அதைச் சர்வர் என்று சொன்னான் அன்புசெல்வன், பொன்னேரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். வீட்டிலிருக்கிற வீடியோவையெல்லாம் அதில் ஏற்றிவிட்டால் டீவியிலும் பார்க்கலாம், ஷைனியின் போனிலும் பார்க்கலாம். மோசஸுக்கு வேலை இரும்பு ஆலையின் ஸ்கிராப் யார்டில் கேஸ் கட்டிங். லீவு நாளில் காலனிக்கு அவன்தான் வீடியோக்காரன். பல வருஷத்துக் கல்யாணம், ஞானஸ்நானம், காதுகுத்து, சாவு எல்லாம் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்தன. கொஞ்ச நாளாக அது டிக், டிக் என்று உள்ளே தட்ட ஆரம்பித்திருந்தது.

"டாக்டர் கைய விரிச்ச கேஸு ணா," என்றான் அன்புசெல்வன். "உசுரு இருக்கசொல்லவே எடுத்துடு."

ஊரார் வீடியோ போனால்கூட மோசஸ் பொறுத்துக்கொள்வான். அதில் பழவேற்காட்டுப் படகு இருந்தது. மெர்சி பேசுகிற ஒரே வீடியோ. காமிராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடுகிறவள், அன்றைக்கு மட்டும் சின்னப் பிள்ளையாக இருந்த ஷைனியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அவனைத் திட்டினாள். ஷைனி படகின் ஓரத்தில் குனிந்து இரண்டு கையையும் தண்ணீரில் விட்டு, "தண்ணி ஜில்லுனு கீதுப்பா, நீயும் கைய வெய்யி," என்று கத்துவாள். மெர்சி கேன்சரில் போன பிறகு அப்பனும் மகளும் அதைப் போட்டுப் பார்க்கத் துணியவில்லை. இன்றைக்கு மெர்சியின் நினைவு நாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு.

பெட்டிக்குள் இருந்த பெரிய டிஸ்க் கடையில் வாங்கியதல்ல. வெட்டுவதற்கு எது வந்தாலும், உசிரோடு இருக்கிற பொருள் என்றால், டிபன் பையில் வீட்டுக்கு வரும். யார்டில் எல்லோருக்கும் அது வழக்கம். மிக்ஸி மோட்டார் வரும், பம்பு வரும். உருகப் போகிறதுதானே என்று எடுப்பார்கள். பீட்டர் செத்த வாரம், உலைக்கூடத்துக் காமிராக்களின் பதிவெல்லாம் இருக்கும் பெட்டியை ஆபீசிலிருந்து அனுப்பினார்கள். துண்டு துண்டாக வெட்டி இன்றைக்கே உலையில் போட்டுவிடு என்று சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் போய்விட்டார். மோசஸ் பெட்டியை வெட்டினான். டிஸ்கைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பீட்டர் அவனோடு ஒரே ரயிலில் வேலைக்கு வந்தவன். மூடிய சிலிண்டர் ஒன்று ஸ்கிராப்போடு கலந்து உலைக்குள் போய் வெடித்தது. உருகிய இரும்பு பீட்டரின் தலைமேல் ஊற்றியது. கோட்டோடு உள்ளே விழுந்தான். கல்லறையில் புதைத்தது அவனை அல்ல, அந்த உலையில் எடுத்த ஓர் இரும்புக் கட்டியை. நாலு பேர் தூக்குகிற சவப்பெட்டியை எட்டுப் பேர் தூக்கினார்கள். அதையும் மோசஸ்தான் வீடியோ எடுத்தான். டிஸ்கில் என்ன இருந்தது என்று அவன் பார்க்கவில்லை. மொத்தத்தையும் அழிக்கச் சொல்லி ஒரு பட்டன். அழுத்தினான். சுத்தமாகிவிட்டது.

காப்பி போடு என்றுதான் அன்புசெல்வன் சொல்லியிருந்தான். மோசஸ் மூவ் கொடுத்தான். யார்டில் சரக்கு அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் மிச்சம் கிடக்கக் கூடாது. கைக்கு வந்த பழக்கம்.

கல்யாண வீடியோவை மூடிவிட்டு, அடுத்து ஏறியிருந்ததைத் தொட்டான். இப்போது காக்களூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற, பக்கத்து வீட்டுப் பூவம்மாளின் மகன் ஜோஷ்வாவுக்குக் கைப்பிள்ளையில் கோயிலில் நடந்த ஞானஸ்நானம். நீலச் சுவர், காகிதப் பூ, வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளை. பாட்டுச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. உலை காய்ந்து கொதிக்கும்போது தரைக்குள்ளிருந்து வருகிற உறுமல். அதைக் காதால் கேட்பதற்கு முன்னால் பல்லால் கேட்டுவிடுவார்கள் உலைக்காரர்கள். மோசஸின் பல் கூசியது.

ஞானஸ்நானம் கொடுக்கிற பாதிரி ஐயர் தண்ணீர்ச் சொம்பை எடுக்கத் திரும்பினார். திரும்பி வந்தது ஐயர் இல்லை.

சில்வர் கோட்டு. கையில், உருகிய இரும்பைப் பதம் பார்க்க உலைக்காரர்கள் மொள்ளுகிற நீளப் பிடிக் கரண்டி. கரண்டி நிறைய வெளிச்சம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்துக் கட்டிய கசடு, அதில் விரிசல், விரிசலுக்குள் சிவப்பு. கரண்டி பிள்ளையின் தலைமேல் சாய்ந்தது. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. தாளம் தப்பாமல் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணி ஒரே மூச்சில் கறுத்துச் சுருண்டது. பிள்ளையின் அழுகை பாதியில் நின்றது. பூவம்மாள் காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, புகைகிற பொட்டலத்தை ஆட்டித் தூங்க வைத்தாள்.

மோசஸ் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டான். மயிர் கருகும் வாசனை ஹாலில் இருந்தது.

பழைய டிஸ்கில் இருப்பதாவது நல்லதாக இருக்குமா என்று தேடினான். கல்யாணம் அங்கே இல்லை. ஞானஸ்நானமும் இல்லை. போனது போனதுதான். போனை எடுத்தான்.

"அன்பு, வீடியோவுல வேற ஆளுங்கலாம் வர்றாங்கப்பா."

"வேற ஆளா? பக்கத்து ஊட்டு வைபை எதுனா மாட்டிக்கிச்சா?" அன்புசெல்வன் சிரித்தான். "பழைய டிஸ்க்கு ணா, கோளாறாத்தான் ஓடும். நீ காப்பிதான போட்ட?"

"மூவ் குடுத்துட்டேன்."

"அய்ய, இன்னாணா நீ. சரி, நடுவுல நிறுத்திடாத. நிறுத்துனா அந்த ஃபைலு அங்கயும் இருக்காது, இங்கயும் இருக்காது."

போனை வைக்கக்கூட இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் பூவம்மாளின் குரல் கிளம்பியது. முதலில் பேச்சு. பிறகு பேச்சு இல்லை. மோசஸ் கதவைத் திறந்து ஓடினான். வெயில் கண்ணில் அறைந்தது. வாசலில் போன் ஒரு பக்கம் கிடந்தது, பூவம்மாள் ஒரு பக்கம் கிடந்தாள்.

"காக்களூர்லருந்து போன் பண்ணாங்க மோசே," என்றாள். "ஓவர்டைம்னு போனான். மேல போற பக்கெட்டு கவுந்துடுச்சாம். சூடா இன்னாவோ. தலையிலயே ஊத்திடுச்சாம். எம்புள்ள தலையிலயே ஊத்திடுச்சாம்."

நாலு பேர் வந்து அவளைத் தூக்கினார்கள். மோசஸ் தொடவில்லை. வீட்டைப் பார்த்துத் திரும்பினான். தன் கால் மண்ணில் பதிவது அவனுக்குக் கேட்டது.

டீவியின் மூலையில் ஏறிக்கொண்டிருக்கும் வீடியோவின் பெயர் ஓடும். ஷைனி தமிழில் பெயர் வைத்திருந்தாள். மோசஸ் வளர்ந்த பிறகு இரவுப் பள்ளியில் எழுத்துப் படித்தவன், கூட்டித்தான் வாசிப்பான். கூட்டினான். ப. ழ. வே. அதற்கு மேல் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

நிறுத்தும் பட்டனை அழுத்தினான். நிறுத்தினால் மெர்சி போய்விடுவாள். போகட்டும் என்று திரும்பவும் அழுத்தினான். பச்சைக் கோடு நகர்ந்தது. வயரைப் பிடுங்கினான். ஃபேன் ஓடியது. சுவரிலிருந்து பெட்டிக்கு ஒன்றும் போகவில்லை, வயர் அவன் கையில் இருந்தது, ஃபேன் ஓடியது. பெட்டியைத் தொட்டான். உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவன் ரிமோட்டைத் தொடாமலே படம் வந்தது.

பழவேற்காட்டு ஏரி. காயலின் சாம்பல் வெளிச்சம், தூரத்தில் நாரைகள், படகு என்ஜினின் டபடபப்பு. மெர்சி. அவளுடைய மஞ்சள் சேலை, மூக்குத்தி, முன்பல்லின் இடைவெளி. "என்னிய எடுக்காத, தண்ணிய எடு," என்று சிரித்தாள். அவன் நெஞ்சு ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்தது. மடியில் ஷைனி. ரெட்டைச் சடை.

பின்னால், படகு ஓட்டுகிறவன் உட்காருகிற இடத்தில், சில்வர் கோட்டு.

எழுந்தது. படகு அந்தப் பக்கம் தாழ்ந்தது. ஓர் ஆளின் கனத்துக்கு அத்தனை தாழாது. தண்ணீர் படகின் விளிம்பைத் தொட்ட இடத்தில் ஆவி கிளம்பியது.

மெர்சி சிரிப்பை நிறுத்தினாள். காமிராவைப் பார்த்தாள். இந்த வீடியோவில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"ஷைனிய படகுலருந்து எறக்கி வுட்ருய்யா," என்றாள். "அதுவரைக்கும் அவள நான் புடிச்சிக்கினு கீறேன். சீக்கிரம்."

அவள் தோளில் அந்தக் கை விழுந்தது. சேலை பற்றியது. அவள் கத்தவில்லை. பிள்ளையைக் குனிந்து மூடிக்கொண்டாள். முதுகுச் சதை மெழுகாக வழிந்து படகின் பலகையில் சொட்டியது. எலும்பு தெரிந்தது. அப்போதும் கையை விடவில்லை. கோட்டு அவளுடைய கைகளை ஒவ்வொன்றாக, காய்ந்த குச்சியை ஒடிப்பதுபோல ஒடித்தது.

கட்டிலுக்கு அடியில் சம்மட்டி இருந்தது.

முதல் அடியில் பெட்டி நசுங்கியது. அடித்தான். தகடு கிழிந்தது. டிஸ்க் வெளியே தெறித்தது. காலால் மிதித்துக்கொண்டு அதன்மேல் அடித்தான். கண்ணாடியாக உடையும் வரை. தூளாகும் வரை. தரை பெயரும் வரை. சம்மட்டி தெறித்து அவன் முழங்காலைப் பிளந்தது. அடித்தான்.

டீவி இருண்டது. ஃபேன் நின்றது.

பூவம்மாளின் அழுகை தூரத்தில் கேட்டது. டிரெய்லர் ஒன்று போனது. சமையலறையில் எண்ணெய் கொதித்தது.

"ஷைனி."

சம்மட்டியைக் கீழே வைத்தான். மெர்சி போய்விட்டாள், ஷைனி இருக்கிறாள். அப்படிச் சொல்லிக்கொண்டான். இத்தனை சத்தத்துக்கு அவள் ஏன் ஓடி வரவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

"ஷைனி, இன்னா பண்ற?"

சமையலறைக்குள் மீன் வாசனை இல்லை. கழுவி மசாலா தடவிய மீன் தட்டில் அப்படியே இருந்தது. ஷைனி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றாள். கொஞ்சம் குனிந்திருந்தாள். சுவரில் தட்டு ஸ்டாண்டு. எவர்சில்வர் தட்டு ஒவ்வொன்றிலும் அவளுக்குப் பின்னால் ஒரு சில்வர் கோட்டு தெரிந்தது. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"ப்பா."

அது இப்போதைய ஷைனியின் குரல் இல்லை.

மோசஸ் பக்கவாட்டில் போய்ப் பார்த்தான். வாணலி. கொதிக்கும் எண்ணெய். மணிக்கட்டு வரை இரண்டு கையும் அதற்குள். அளைந்துகொண்டிருந்தாள். விரல் இருந்த இடத்தில் நுரை. பிளாஸ்டிக் வளையல் உருகி வாணலி ஓரத்தில் வழிந்தது.

தோளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இடுப்பைக் கட்டி, காலைச் சுவரில் உதைத்து, முழுப் பலத்தோடு இழுத்தான். அசையவில்லை. எட்டுப் பேர் தூக்கிய கனம்.

அவள் மட்டும் முகத்தைத் திருப்பினாள். ரெட்டைச் சடைப் பிள்ளையின் சிரிப்பு.

"தண்ணி ஜில்லுனு கீதுப்பா," என்றாள். படகில் இடம் விடுவதுபோல் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். "நீயும் கைய வெய்யி."