மகாராணிக்கு முதுகு அரித்தது

மகாராணி என்பது ஒரு பசு. பெயருக்கேற்ற மிடுக்கு. அது போகும் இடத்துக்குத்தான் மற்ற மாடுகளும் போகும். அது தினமும் போன இடம் தெருக்கிணறு.

கிணற்றடி முழுக்கச் சாணம். மழையில் அது கரைந்து கிணற்றுக்குள் இறங்கியது. தண்ணீரைப் பரிசோதிக்கும் அதிகாரி வந்து, "கிருமி இருக்கு. காய்ச்சிக் குடிங்க. அடுத்த தடவையும் இருந்தா கிணத்தை மூடிடுவோம்" என்று சொல்லிவிட்டார். ஊரில் வேறு கிணறு கிடையாது.

தெருவே வாலுவின் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. மாடுகள் அவருடையவை. வாலு அவருடைய மகள். அவள் செய்யும் சேட்டைக்கு வேறு பெயர் பொருந்தவில்லை. மகாராணியை விற்றுவிட்டால் மற்றவை கிணற்றடிக்கு வராது என்றார் எதிர்வீட்டு அத்தை. அப்பாவால் மறுக்க முடியவில்லை. வாலு ஓடிப்போய் மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்றாக இருந்தபோதிலிருந்தே மகாராணி அவளுக்குத் தோழி.

"தண்ணி குடிக்கத்தானே அங்க போகுது? தொட்டியைத் தள்ளி வெச்சுப் பாக்கலாம்ப்பா" என்றாள்.

கிணற்றடியில் இருந்த தொட்டியை அப்பா தூரத்தில், பள்ளமான இடத்துக்கு மாற்றினார். மகாராணி அங்கே வயிறு முட்டக் குடித்தது. பிறகு நேராகக் கிணற்றடிக்கே வந்து சாணம் போட்டது. வேலி கட்டினார்கள். அதையும் முட்டித் தள்ளிவிட்டது.

மறுநாள் பள்ளிவிட்டு வந்த வாலு, பையைக்கூடக் கழற்றாமல் கிணற்றருகே உட்கார்ந்து மகாராணியையே கவனித்தாள். அது தண்ணீர் பக்கம் திரும்பவே இல்லை. அங்கிருந்த சொரசொரப்பான கல்தூணில் முதுகைத் தேய்த்து, கண்ணை மூடிச் சொக்கி நின்றது. மற்ற மாடுகள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தன.

"அடிப்பாவி, முதுகு சொறியவா இங்க வர்ற?"

வாலு வீட்டுக்கு ஓடி, கையில் கிடைத்த துடைப்பங்களை எல்லாம் அள்ளி வந்தாள். அப்பா தொட்டியருகே ஒரு கட்டையை ஆழமாக நட்டார். துடைப்பங்களை அதில் இறுக்கிக் கட்டினார்கள். அம்மாவின் புதுத் துடைப்பமும் அதில் சேர்ந்துவிட்டது. கிணற்றடித் தூணுக்கு வழவழப்பான தகரம் சுற்றினார்கள்.

மகாராணி தகரத்தில் தேய்த்துப் பார்த்தது. சுகமில்லை. பெருமூச்சு விட்டுத் தொட்டிப் பக்கம் நடந்து, துடைப்பக் கட்டையில் உரசியது. அதன்பிறகு கிணற்றை அது எட்டிப் பார்க்கவே இல்லை.

தெருக்காரர்கள் சேர்ந்து கிணற்றடியைக் கழுவி, தண்ணீருக்கு மருந்து போட்டார்கள். மறுபடியும் பரிசோதித்த அதிகாரி, தண்ணீர் சுத்தமாக இருப்பதாகச் சொல்லி, எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

அன்று மாலை எதிர்வீட்டு அத்தை தன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு தொட்டியடிக்கு வந்தார். விற்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"இதுக்கும் முதுகு அரிக்குது போல" என்று இழுத்தார்.

"வரிசையில நில்லுங்க அத்தை" என்றாள் வாலு. "மகாராணி இன்னும் முடிக்கல."