ஊதா முடிச்சு

1966 மே 17. காலை 9.10.

கட்டின் கடைசிச் சுற்றைக் கத்தரிக்கோல் வெட்டியதும் அறையில் இருந்த மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆட்டுக்குட்டியின் முன்னங்கால் முட்டிக்குக் கீழே கறுத்து, சில்லிட்டு, செத்துப்போயிருந்தது. குட்டிக்கு இன்னும் உயிர் இருந்தது. மேசையில் கிடந்தபடியே கம்பவுண்டர் தட்சிணாமூர்த்தியின் சட்டைப் பொத்தானை நக்கிக்கொண்டிருந்தது.

இடம் சிதம்பரம், அமிர்தம் டிரஸ்ட் நடத்திய பிராணி வைத்தியசாலை. பெயர்ப் பலகையில்தான் அப்படி. ஊருக்கு அது மாட்டாஸ்பத்திரி. குட்டியின் சொந்தக்காரி கிள்ளையைச் சேர்ந்த சலீமா பீவி. புருஷன் பினாங்கில். வீட்டில் அவளோடு இருந்தது இந்தக் குட்டி ஒன்றுதான். கூட வந்தவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர் தங்கராசு.

தங்கராசு நேரே டிரஸ்ட் செயலாளர் வீட்டுக்குப் போய்க் கத்திவிட்டார். செயலாளர் கடலூருக்குப் போன் போட்டார்.

"கட்டை இறுக்கிக் கட்டியிருந்தா கம்பவுண்டர் இன்னிக்கே வீட்டுக்குப் போகணும். நாலு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும்."

தட்சிணாமூர்த்திக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மூன்று பெண்கள். வேறு தொழில் தெரியாது.

11.40.

டாக்டர் ஞானசேகரன் கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். டிரஸ்டின் தலைமை மருத்துவர். காணாமல் போன ஊசியைக்கூட நாலு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சனிக்கிழமைதோறும் சிதம்பரம் கிளைக்கு வருவார். மே 7 சனிக்கிழமை, வண்டிச் சக்கரத்தில் அடிபட்ட இந்தக் குட்டிக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியபோது அவரும் இருந்தார்.

"நானே விரலை விட்டுப் பார்த்தேனே! தாராளமாப் போச்சு."

"ஆமாங்க சார்," என்றார் கம்பவுண்டர்.

"அதுக்கப்புறம் நான் பசுமாட்டைப் பாக்கப் போயிட்டேன். நீங்க மறுபடி இறுக்கினீங்களா?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க சார்."

"வீட்ல யாராச்சும் அவுத்துக் கட்டினாங்களா?"

அதற்கு வழியே இல்லை. சிக்கல் அங்கேதான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் கட்டை அவிழ்த்துப் பார்க்கிறவர்களால் நொந்துபோன தட்சிணாமூர்த்தி, முடிச்சுப் போட்டதும் அதன் குறுக்கே ஊதா மருந்தால் ஒரு கோடு இழுத்துவிடுவார். அவிழ்த்துக் கட்டினால் கோடு சேராது. இன்று மறுபக்கமாக வெட்டியதால் முடிச்சு அப்படியே இருந்தது. ஊதாவும் இடம் மாறவில்லை. ஆனால் மெல்லிய கோடாக இல்லை. புளியங்கொட்டை அளவுக்குப் பரவியிருந்தது.

பத்து நாளும் யாரும் தொடாத முடிச்சு. கட்டியபோது விரல் போனது. இன்று ஈர்க்குச்சிகூடப் போகாது. அவிழ்க்காமல் இறுக்கியது யார்?

12.05.

"தங்கராசு, இந்தக் குட்டி உங்க கடைத் துணியத் தின்னுச்சாமே?"

"தின்னுச்சு சார். ரெண்டு தரம். மல்லுத்துணி. அதுக்காக வாயில்லாத சீவனை வதைப்பனா? நான்தான் சார் இதத் தோள்ல போட்டுத் தூக்கியாந்தேன்."

அவர் சொல்லிக்கொண்டே மேசையில் கிடந்த கட்டுத்துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். தொழில் பழக்கம்.

"இதென்ன காடாத்துணி?"

"பேண்டேஜ் சுருள் கடலூர்லேருந்து ரெண்டு மாசமா வரல," என்றார் கம்பவுண்டர் தரையைப் பார்த்து. "புதுக் காடா வாங்கி நாலு விரக்கடை அகலத்துக்குக் கிழிச்சு வெச்சிருக்கேன்."

ஞானசேகரன் சலீமா பீவியிடம் திரும்பினார். "அம்மா, தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"சீட்டுல போட்டாப்புல காலைல ஒரு சொட்டுத் தண்ணி படவுடலீங்க டாக்டரய்யா. அல்லா மேல ஆணை."

"குட்டி கத்தலியா?"

"மொத மூணு நாள் ராவும் பகலும் கத்துச்சு. அப்புறம் கத்தவேயில்ல. வலி வுட்டுப்போச்சுன்னு சந்தோசப்பட்டேன்." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கொழுக்கட்டை பண்ணி அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுத்தேன்."

வலி விட்ட நாளில்தான் கால் செத்திருக்கிறது. அதை டாக்டர் அவளிடம் சொல்லவில்லை.

"காலை எடுத்துட்டாவது உசுரக் காப்பாத்துங்க. மூணு காலோட வளத்துக்கறேன்."

டாக்டர் குட்டியின் தோளைத் தொட்டார். அனலாய்க் கொதித்தது. விஷம் மேலே ஏறிவிட்டிருந்தது. நாலாம் நாள் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம். வாங்கிய பட்டமெல்லாம் சேர்ந்தும் இன்று அவரால் செய்ய முடிந்தது வலி தெரியாமலிருக்க ஓர் ஊசி போடுவதுதான். போட்டார்.

1.30.

கம்பவுண்டர் கிழித்து வைத்திருந்த புதுச் சுருள் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, குட்டியின் காலிலிருந்து வெட்டிய துணியோடு சேர்த்து வைத்தார் டாக்டர். புதுசு நாலு விரக்கடை. பழசு மூன்றரைகூட இல்லை.

"தங்கராசு, புதுக் காடாவ அப்படியே வெட்டித் தைப்பீங்களா?"

"அதெப்படி சார்? நனைச்சுக் காயவெச்சுத்தான் வெட்டணும். இல்லாட்டி மொத சலவையிலயே சுருங்கிப்புடும்."

டாக்டர் நிமிர்ந்தார். சுருங்கிய துணி, பரவிய ஊதா. கட்டு நனைந்திருக்கிறது. கத்தரி வெயிலில் மழை ஏது? அப்படியானால் இந்த அம்மாள் ஆணையிட்டுப் பொய் சொல்கிறாளா? அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

"சீட்டு வெச்சிருக்கீங்களா?"

இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்தாள். கடலூரில் அச்சடித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிய சீட்டு. டாக்டர் அதைப் பிரிக்கக்கூட இல்லை, அவருக்கு மனப்பாடம்.

"யாரு படிச்சுச் சொன்னது?"

"தங்கராசுத் தம்பிதான். எனக்கு அரபு எழுத்துதான் தெரியும்."

"தம்பி, அன்னிக்குப் படிச்ச மாதிரியே இப்பப் படிங்க."

தங்கராசு தொண்டையைக் கனைத்தார்.

"காலை ஒரு பொட்டலம். மாலை ஒரு பொட்டலம். காலை... நனைக்கக் கூடாது. பத்தாம் நாள் அழைத்து வரவும்."

மூன்றாவது வரியில் அவர் நிறுத்திய அந்த ஒரு நொடியில் டாக்டரின் முகம் வெளிறியது. கொஞ்சம் முன்னே அந்த அம்மாள் 'காலைல' என்றபோது, 'கால்ல' என்றுதானே அவர் காதில் விழுந்தது?

"அப்ப... சாயங்காலம்?"

"சாயங்காலம் அக்கா நனைச்சாங்க சார். புளியந்தழை வேகவெச்ச தண்ணி. கட்டுன்னா நனைக்கணும்ல? எனக்குக் கை ஒடிஞ்சப்ப நாட்டு வைத்தியரு ரெண்டு வேளையும் ஊத்தச் சொன்னாரு. இது இங்கிலீசுக் கட்டாச்சே, காலைல வாணாம்னு போட்டிருக்காங்கன்னு நெனச்சோம்."

"ஒரு நாள் வுடலீங்க," என்றாள் சலீமா பீவி. பெருமையாகத்தான் சொன்னாள்.

2.15.

டாக்டர் நின்றுகொண்டே பேசினார்.

"கம்பவுண்டர் கட்டினது சரியான கட்டு. மொத சாயங்காலமே தண்ணி பட்டு, புதுத்துணி காஞ்சு சுருங்கிடுச்சு. சுத்தின அத்தனை சுத்தும் சேர்ந்து இறுக்கிடுச்சு. முடிச்ச யாரும் தொட வேண்டியிருக்கல. காலை நனைக்காதேன்னா காலை, லெக்கு. இவுங்க படிச்சது வேளை. மேல ரெண்டு வரி மருந்து வேளையாவே இருக்கறப்ப மூணாவதை வேற எப்படிப் படிப்பாங்க?"

"அப்ப நான்தான் கொன்னுட்டனா டாக்டரய்யா?"

"நீங்க இல்லம்மா. இவரும் இல்ல. முன்னெல்லாம் இந்தச் சீட்டு இங்கிலீஷ்ல இருந்தது. யாருக்கும் புரியாம, கம்பவுண்டர் வாயால சொல்லுவார். 'கால நனைக்காதீங்க'ன்னு பேச்சுல சொன்னா குழப்பமே இல்ல. நல்ல தமிழ்ல இருக்கணும்னு மாத்தி எழுதினவன் நான். பேண்டேஜ் சுருள் அனுப்பாதவனும் நான்தான்."

தட்சிணாமூர்த்திக்குத் தன் வேலை தப்பியது புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்தபோது சந்தோஷம் வரவில்லை.

3.20.

குட்டி செத்தது. சலீமா பீவியின் மடியில் அதன் தலை இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டில், தவறு யாருடையது என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அழுததைக் கேட்டுக்கொண்டே எழுதினார்.

"சார்," என்றார் கம்பவுண்டர் மெல்ல, "இந்தச் சீட்டு இங்க நூறு வந்துச்சு. இப்ப பதினொண்ணுதான் மிச்சம். யாருக்குக் குடுத்தோம்னு எழுதி வெக்கல."

மற்ற கிளைகளை டாக்டர் நினைத்துப் பார்த்தார். எத்தனை ஊர்களில், எத்தனை கால்கள் இன்று சாயங்காலம் நனையப்போகின்றன? போய்த் தடுக்க ஒரு விலாசம் இல்லை.

4.05.

பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து மாரியம்மாள் என்றொருத்தி கால் ஒடிந்த நாய்க்குட்டியோடு வந்தாள். புதுத்துணியை நனைத்து, வெயிலில் உலர்த்தி, தளரக் கட்டினார்கள். டாக்டர் சீட்டுக் கொடுக்கவில்லை. குனிந்து தன் முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டினார்.

"கால். இந்தக் கால். இதுல தண்ணி படக் கூடாது. புரியுதாம்மா?"

"நல்லாப் புரியுதுங்க," என்றாள் மாரியம்மாள் பயபக்தியோடு. "எந்த வேளையிலீங்க?"