ஆளில்லாத தண்டவாளம்

பிரிண்டரில் மை அடைத்துக்கொண்டால் படம் முழுக்கக் கோடு கோடாக விழும். இப்படி ஒரே இடத்தில், கட்டைவிரல் அளவுக்குத் துணியை வெள்ளையாக விட்டுவிட்டுத் தாண்டிப் போகாது. பதினைந்து வருஷமாக ரயில்களைப் படமெடுத்து, வீட்டுச் சுவர்களுக்கென்று கேன்வாஸில் பெரிதாக அச்சடித்து விற்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ன? பனிக்குள்ளிருந்து சரக்கு ரயில் வரும் அந்தப் படத்தை ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். இதுவரை முப்பது போயிருக்கும். ஒன்றில்கூட இந்த வெள்ளை ஓட்டை இல்லை.

கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டை விழுந்த இடம் அவனுக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

ஹாலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் கிளினிக்கில் கூட்டித் துடைக்கிறவள். அங்கே சுவரில் மாட்டியிருந்த இதே படத்தை இறக்கித் தூசி தட்டியபோது, பின்னால் அவன் விலாசத்தோடு ஒட்டியிருந்த சீட்டைப் படித்திருக்கிறாள். எடுத்த தேதி, மணி, நிமிஷம்வரை எழுதி ஒட்டுவதில் அவனுக்கு ஒரு பெருமை. அதே தேதியில், அதே நிமிஷத்தில்தான் அவள் தம்பி ரயிலில் அடிபட்டுச் செத்திருந்தான்.

"அவனே போய் விழுந்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க சார். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல. நீங்க எதாவது பாத்தீங்களா? அது போதும் எனக்கு."

"அங்க யாரும் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு, அவசர ஆர்டர் என்று இந்த அறைக்குள் வந்து ஒளிந்துகொண்டான்.

பார்த்திருந்தான். கேமரா வழியாக, தெளிவாக. தண்டவாளம் பிரியும் இடுக்கில் ஷூ மாட்டிக்கொள்ள, அந்தப் பையன் காலை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இவனைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினான். நூறடிகூட இருக்காது. ஓடிப்போய் இழுத்துவிட்டிருக்கலாம். ஆனால் வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்தது. பதினோரு தடவை பட்டனை அழுத்தினான். ஆள் இருக்கிற படத்தை யார் வாங்கி மாட்டுவார்கள்? அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில், படத்தின் பக்கத்துப் பனியை எடுத்து அந்தப் பையன்மேல் பூசினான். ஒட்டு தெரியவில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

மறுபடி அச்சடித்தான். ஓட்டை சாண் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. தோள் தெரிந்தது. கை தெரிந்தது. அறைக்குள் ஈரக் கல்லும் தேய்ந்த இரும்பும் கலந்த வாடை.

மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போது மனைவி கதவைத் திறந்தாள்.

"என்னங்க, அந்தம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க. அய்யோ, இது என்ன? ஆள் மாதிரி இருக்கு?"

"மை அடைப்பு. நீ போ."

அவள் போகவில்லை. எங்க வீட்டுக்காரர் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறவள். அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது. அது ஒன்றைத் தாங்க முடியாது அவனால்.

"அன்னிக்கு அங்க யாராவது இருந்தாங்களா? என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

பிரிண்டர் ஓடியது. வெள்ளைத் தலை. வெள்ளைக் கைகள். ஆள் உயரம். இன்னும் பெரிதாக.

அவன் படத்தைப் பார்த்தே சொன்னான். "யாருமே இல்ல. சத்தியமா."

வெள்ளையில் மை ஊறியது. கைகள் மறைந்தன. தலை மறைந்தது. பனி. தண்டவாளம். ரயில். வேறெதுவும் இல்லை.

"அப்பாடா! பாத்தியா, சரியாயிடுச்சு!"



திரும்பினான்.

மனைவி அங்கேயேதான் நின்றாள். காது இருந்தது. கழுத்து இருந்தது. நடுவில், நெற்றியிலிருந்து மோவாய்வரை, சாம்பல் நிறப் பனி. ஒட்டே தெரியவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி, அவனைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.