வலப்பக்கத்து மொட்டு

காலையில் ஆறு சென்டிமீட்டர் இருந்த கோடு, சாயங்காலம் ஐந்தரைதான் இருந்தது. ஏசுதாசன் ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். ஐந்தரையேதான்.

குரோம்பேட்டை வீட்டின் முன்னறைதான் அவனுக்குப் பட்டறை. மருத்துவக் கல்லூரிகளுக்குப் படம் வரைந்து கொடுப்பது பிழைப்பு. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி என்றாலும், குடலையும் மூளையையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். இந்த முறை பேராசிரியர் வேதசிரோமணி கேட்டது ஒரே அட்டையில் இரண்டு கரு. இடப்பக்கம் நல்லபடி வளர்வது, வலப்பக்கம் குறையுள்ளது.

"அஞ்சாவது வாரத்துல கீழேயிருந்து ஒரு மொட்டு மேல ஏறும், ஏசுதாசன். மேல இருக்கிற திசுவைத் தொட்டாத்தான் கிட்னி உண்டாகும். தொடலேன்னா கிட்னியே கிடையாது. வலப்பக்கம் தொடாம நிறுத்திடுங்க."

யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, பாவம். போன வருஷம், எண்பத்தாறில், ஏசுதாசனின் மனைவி ஞானஜோதிக்குப் பிறந்த பெண் குழந்தை ஐம்பது நிமிஷம்தான் இருந்தது. இரண்டு சிறுநீரகமும் இல்லை. அது இல்லாததால் கருப்பையில் நீர் இல்லை, நீர் இல்லாததால் நுரையீரல் வளரவில்லை என்றார்கள். அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த அட்டைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. கடுகளவு இடைவெளி. அதற்காகவா என் பிள்ளை போனாள் என்று அவனுக்கு ஆறவே இல்லை.

நேற்று மதியம் மனசு கேட்கவில்லை. வலப்பக்கத்து மொட்டை நீட்டித் திசுவைத் தொட வைத்துவிட்டான். கல்லூரிக்கு வேறு அட்டை போட்டுக் கொடுத்துக்கொள்ளலாம், இது அவளுக்கு இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"என்னங்க, கரென்ட் போயிடுச்சே. வெளிச்சம் பத்துதா?" உள்ளறையிலிருந்து ஞானஜோதி கேட்டாள். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கணக்குப்படி கருவுக்கு இது ஐந்தாவது வாரம். பயத்தில் அவர்கள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"பத்துது ஜோதி. நீ படுத்துக்க."

"வயித்துல என்னமோ கீழ இழுக்கிற மாதிரி இருக்குங்க."

ஜன்னல் வழியே வந்த மங்கல் வெளிச்சத்தில், மின்சார ரயில் கடந்துபோன சத்தம் அடங்கி, தோல் பதனிடும் ஆலையின் நாற்றத்தோடு பிரசவ அறையில் அன்று வீசிய ஈர வாடையும் எங்கிருந்தோ சேர்ந்து வர, அவன் குனிந்து வலப்பக்கத்தைப் பார்த்தான். மொட்டை மட்டும்தான் அவன் நீட்டியிருந்தான். இப்போது அது கிளை விட்டிருந்தது. கிளைகளின் நுனியில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். சுற்றிலும் அவரை விதை போல ஒரு வடிவம் திரண்டிருந்தது.

அதை அவன் வரையவில்லை.

காலையில் ஆறு இருந்த இடப்பக்கத்து மொட்டில் ஸ்கேலை வைத்தான். ஐந்து.

தூரிகையை மசியில் தோய்த்து இடப்பக்கத்து மொட்டை மேலே இழுத்தான். மசி ஒரு கணம் நின்றது. பிறகு யாரோ உறிஞ்சுவது போல வற்றியது. வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் பருத்தது. மறுபடி இழுத்தான். மறுபடி வற்றியது.

நாலு.

போனவளுக்கு இங்கே கொடுத்தது, ஜோதியின் வயிற்றில் இருப்பதிடமிருந்து போகிறது. புரிந்ததும் தூரிகையைக் கீழே வைத்தான்.

"ஏங்க..."

இண்டியன் இங்கை ரப்பர் தொடாது. பிளேடால்தான் சுரண்ட வேண்டும். பாதி பிளேடை எடுத்து வலப்பக்கத்து மொட்டின் மேல் வைத்தான். மன்னிச்சிடும்மா என்று வாய்விட்டே சொன்னான். அடியில் அட்டை சூடாக இருந்தது.

மொட்டு சுருங்கியது.

பயந்து சுருங்கவில்லை. பிறந்த குழந்தையின் விரல், தொட்டதும் மடங்குமே, அப்படி. பின் மெதுவாக விரிந்து பிளேடின் முனையைப் பற்றிக்கொண்டது. அன்று அந்த ஐம்பது நிமிஷத்தில் குழந்தையைத் தொடக்கூட அவனை விடவில்லை.

"ஏங்க, பயமா இருக்குங்க. இங்க வாங்களேன்."

இடப்பக்கத்தில் கிடந்த ஸ்கேலில் மூன்று.

அழுத்தினால் போதும். கை அழுந்தவில்லை.

இரண்டரை.

அவன் அழுதான். பிளேடின் முனையில் அந்தப் பிடி மெல்ல, நம்பிக்கையோடு, இறுகியது.